நூறு என்று வைத்துக்கொள்வோம்

முதல் தடவை அந்த இடத்தைப் பார்த்துவிட்டு "அருமையான இடம்லா" என்று சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2024 மே மாதம். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஊர், என் மாமனார் ஊர். பெயர் வேண்டாம்; இந்த விஷயத்தில் அங்கே மனஸ்தாபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஊருக்குத் தெற்கே குளம். குளத்தின் கரை கிழக்கே ஓடுகிறது, கரைக்குக் கீழே வயல். மேற்கே, தண்ணீர் உள்ளே வருகிற பக்கம், இரண்டரை ஏக்கர் வெட்டவெளி. அங்கேதான் புதுப் பள்ளிக்கூடம் கட்டப்போவதாக ஏற்பாடு. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாலைந்து உடைமரம், அதன் நிழலில் ஒரு அம்மாவும் அவரது ஆடுகளும். ரெக்கார்டில் அது அரசுத் தரிசு. குளத்தின் சர்வே எண்ணுக்கு வெளியே. எஸ்டிமேட் தயார். மண் பரிசோதனை ரிப்போர்ட்கூட இருந்தது: ஆழம் வரைக்கும் களி, ஆகவே அண்டர்ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் மாதிரி அகன்ற கான்கிரீட் தூண், போடச் சொல்லியிருந்தார்கள். சுற்றிலும் செம்மண்ணாக இருக்கிற ஊரில் இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் களி என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வெயில் அப்படி.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், கிராம சபையில் இரண்டு பேர் எழுந்து "குளத்துக்குள்ள பள்ளிக்கூடமா?" என்று கேட்டுவிட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த அம்மாக்களுக்குப் பயம். ஊர் மருமகன் ஒருத்தன் பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறானே, அவனைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்க்கச் சொல்லுவோம் என்று தீர்மானம். ஃபீஸ் கிடையாது. மாமியார் வீட்டுச் சாப்பாடு உண்டு.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் அந்த ஊரில் ஒருத்தர்கூட இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். நம் பக்கத்தில் யாரும் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க இற்றுப்போன பள்ளிக் கட்டடங்களைத் தேடித்தேடி இடித்தார்கள். இந்த ஊர்ப் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடமும் அப்படித்தான் போனது. இடித்தது சரி. அப்புறம் இரண்டு வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் சமுதாயக் கூடத்தில் நடந்தன. ஊரில் கல்யாணம் வந்தால் லீவு. முகூர்த்த மாதத்தில் போர்ஷன் முடிக்க முடியவில்லை என்று தலைமையாசிரியை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பழைய இடத்திலேயே கட்டலாமே என்றால், அது 38 செண்ட். ஊருக்கு நடுவில், லாரி திரும்ப வழியில்லாத சந்துக்குள். மைதானம் கிடையாது. இந்தப் பக்கம் இரண்டரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. யாராக இருந்தாலும் இதைத்தான் கைகாட்டுவார்கள். நானும் காட்டினேன்.

சாயங்காலம் மாமா ஒருவர் வந்தார். சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா. எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. அந்தக் குளத்து மடையைத் திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியே வயதைக் கழித்தவர். "மாப்பிள, காலைல என்ன பாத்திய?" என்றார். இடம் பார்த்தேன் என்றேன். "எடத்த அண்ணாந்து பாத்தியளா, குனிஞ்சு பாத்தியளா?"

மறுநாள் விடிகாலை கையோடு கூட்டிக்கொண்டு போனார். வெடிப்புக்குள் விரலை விட்டு நோண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நத்தை ஓடு. கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெளிறிப்போய், லேசாக அழுத்தினால் பொடியாகிறது. இன்னும் இரண்டடி தள்ளி இன்னொன்று. அப்புறம் பார்த்த இடமெல்லாம் நத்தை ஓடு. தெற்கு மூலையில் காய்ந்து நின்ற முள்செடியைக் காலால் தட்டி, "இது என்ன?" என்றார். நீர்முள்ளி. பேரிலேயே இருக்கிறது. "இங்க எங்க மாமா தண்ணி வருது?" என்று கேட்டேன். "இப்பம் வராது. கலுங்கு ஒடஞ்சதுல இருந்து வராது."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கலுங்கு என்பது குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிவைத்த தாழ்வான கல்கட்டு. அப்படி வழிவதைத்தான் இங்கே மறுகால் பாய்கிறது என்போம். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. தாமிரபரணியில் 8 அணைக்கட்டு, அதிலிருந்து பிரிகிற 11 கால்வாய், 86,107 ஏக்கர் பாசனம் என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்தக் கால்வாய்களுக்குக் கீழே குளமும் குளமும் இப்படிக் கைகோத்துத்தான் நிற்கின்றன. ஒரு குளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதை முடிவுசெய்வது கலுங்கின் உயரம்தான். கரை எவ்வளவு உயரம் என்பதோ, வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்பதோ தண்ணீருக்குத் தெரியாது.

இந்தக் குளத்தின் கலுங்கு 1992 வெள்ளத்தில் பாதி பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அப்புறம் சரிசெய்தவர்கள் அந்தப் பாதியைத் தணித்துக் கட்டிவிட்டார்கள். பழைய பாதி கருங்கல்லில் அப்படியே நிற்கிறது. புதுப் பாதி அதைவிடத் தொடை உயரம் கீழே. ஆக முப்பது வருடமாகக் குளம் பழைய மட்டத்துக்கு நிறைவதே இல்லை. முப்பது வயசுக்குள் இருக்கிற யாரைக் கேட்டாலும் அந்த இடம் மேடு என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. அவர்கள் பார்த்தது அதுதான்.

"2023 டிசம்பர்ல தண்ணி நின்னுதே" என்றேன். "அது வெள்ளம், கணக்குல சேராதுன்னுட்டாவ" என்றார் மாமா. எனக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் தண்ணீர் நிற்காத இடம் எது? அதை வைத்து ஒரு மனையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

சரி, அளந்துவிடுவோம் என்று அடுத்த வாரம் மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல், ஸ்டாஃப் என்கிற அளவுக்கோல், ஒரு பையன் சகிதம் வந்தேன். பழைய கலுங்குக் கல்லின் தலையில் ஸ்டாஃபை நிறுத்தி, நூறு என்று வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது ஒரு வசதி. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த ஒரு கல்லை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டால் போதும். அங்கிருந்து மனை ஒரு கிலோமீட்டருக்கு மேல். பதினான்கு இடத்தில் ஸ்டாண்டை நட்டுப் பிடுங்கி, கரை மேலேயே நடந்து, மட்டத்தைக் கையில் ஏந்தின மாதிரி கொண்டுபோனோம். திரும்பிக் கலுங்குக்கே வந்து கணக்கை மூடியபோது பிழை 11 மில்லிமீட்டர். அந்த வெயிலுக்கு அது மோசமில்லை.

மனையின் வடமேற்கு மூலை 99.48. நடுவில் 99.30, 99.31. தெற்கு மூலை 99.10. ஒரு இடம்கூட நூறைத் தொடவில்லை. கலுங்கு முழுசாக இருந்தால் அந்த மனை முழுக்கச் சராசரி 70 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். நான் 'அருமையான இடம்' என்று சொன்னது குளத்துக்குள் நின்றுகொண்டு.

இனிமேல்தான் வேடிக்கை. 2023 வெள்ளத்துக்குப் பிறகு குளத்தைச் சீரமைக்க வேறொரு எஸ்டிமேட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரி: கலுங்கைப் பழைய மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுதல். ஒரு மேசையில் குளத்தை நிறைக்கத் திட்டம், இன்னொரு மேசையில் அதே தண்ணீருக்குள் வகுப்பறை. இரண்டுமே நல்ல காரியம். இரண்டு கோப்பும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். ஈரநிலம் என்றதும் 2017-ஆம் வருடத்து ஈரநில விதிகள் கைகொடுக்கும் என்று நினைத்தேன். அதில் ஈரநிலத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டு, எதெல்லாம் சேராது என்று ஒரு பட்டியல் வருகிறது. ஆற்றுப் படுகை, நெல்வயல், குடிநீருக்காக மனிதர் கட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகக் கட்டிய அமைப்பு. போச்சு. நம் ஜில்லாவில் பாசனத்துக்காகக் கட்டாத குளம் எது? இத்தனைக்கும் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது, 2022-ல் அறிவித்தார்கள். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைகிற குளம் அது. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் அங்கே கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1971-ல் ஈரானில் உள்ள ராம்சரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இயற்கை, செயற்கை இரண்டுமே ஈரநிலம்தான். பட்டியலில் ஏறிய குளம் ஈரநிலம். ஏறாத பக்கத்துக் குளம் வெறும் பாசன அமைப்பு. கொக்குக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

சுற்றுச்சூழல் அனுமதி பற்றிப் பேச்சே இல்லை. அது 20,000 சதுர மீட்டர் கட்டடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதிலும் 2014 டிசம்பரில் பள்ளி, கல்லூரி, விடுதிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கல்வி நிறுவனங்களுக்கு அப்படி விலக்குத் தருவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பின்னால், 2025 ஆகஸ்டில். எப்படியானாலும் எங்கள் எட்டு வகுப்பறை 600 சதுர மீட்டர்கூட வராது. மாநிலத்தின் 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம்? அது குளத்து எல்லைக்குள் ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்றும். இந்த மனையோ சர்வே எண்ணின்படி எல்லைக்கு வெளியே. ஆக எந்த விதியும் மீறப்படவில்லை. தண்ணீர் மட்டும் வரும்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சிக்கல். மனையை நாலடி நிரப்ப வேண்டும் என்று எஸ்டிமேட்டில் இருந்தது. இரண்டரை ஏக்கருக்கு நாலடி என்றால் 4,35,600 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 4,356. மூன்று யூனிட் டிப்பர் 1,452 லோடு. அந்தக் கிராவல் எங்கிருந்து வரும் என்று விசாரித்தால் இன்னொரு குளத்திலிருந்தாம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதனால் குளம் இழக்கிற தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தால் ஏறக்குறைய 70 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். நெல்லுக்கு ஒன்றரை ஏக்கருக்குக் கட்டுப்படியாகிற தண்ணீர், அவ்வளவுதான். கொள்ளளவு குறைகிறது என்று மட்டும் எழுதினால் 'சொற்பம்' என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவார்கள், அது நியாயமும்கூட. நம்மில் பலபேர் லிட்டர் கணக்கைப் பெரிசாக்கிக் காட்டியே வழக்கை இழக்கிறோம்.

விஷயம் லிட்டரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. குளத்தின் நடு ஆழத்தில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் பிழைத்துக்கொள்ளும். நீந்தாமல் நடந்தே இரை தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு: நெடுங்கால் உள்ளான், அரிவாள்மூக்கன், மடையான், நத்தைக்குத்தி. இவற்றுக்கு முழங்காலுக்குக் குறைந்த தண்ணீர் வேண்டும். அது கரை பக்கம் கிடைக்காது, கரை செங்குத்து. மேற்கு ஓரத்தில், தரை கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஏறுகிற இடத்தில்தான் கிடைக்கும். புதுத்தண்ணி வந்ததும் விரால் குஞ்சு பொரிப்பது அந்தப் புல்லுக்குள். கோரை முளைப்பதும் அங்கே. கோடையில் ஆடு மாடு மேய்வதும், அதுகள் போட்ட சாணி மழைக்காலத்தில் கரைந்து மீனுக்குத் தீனியாவதும் அங்கே. குளத்தின் ஓரம் நிற்கிற இடத்தில் நிற்காது. ஐப்பசியில் மேற்கே நடக்கும், மாசியில் கிழக்கே திரும்பும். அந்த நடைபாதை முழுக்கக் குளம்தான், காய்ந்து கிடக்கிற எட்டு மாதமும் சேர்த்து. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நான் ஒரு வருடம் நோட்டும் பேனாவுமாக ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பறவைகளை எண்ணியதில் முக்கால்வாசி நேரம் இந்த மாதிரி ஓரத்தைப் பார்த்துத்தான் பைனாகுலரைத் திருப்பினோம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு வரைபடத்தை இன்னொரு தடவை விரித்தேன். அப்போதுதான் ரோட்டைக் கவனித்தேன். கட்டடத்தையே முறைத்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவே இல்லை. பஸ் போகிற ரோட்டிலிருந்து பள்ளிக்கு இருபதடி அகலத்தில் மண் மேடு போட்டு ஒரு பாதை. அது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைக் குறுக்கே தாண்டுகிறது. தாண்டுகிற இடத்தில் இரண்டு சிமெண்ட் குழாய், ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர் விட்டம். வரத்துக்காலை நேரில் போய் அளந்தேன்: அடிப்பக்க அகலம் நாலு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர். நாலு சதுர மீட்டர் வழியில் வருகிற தண்ணீரை அரை சதுர மீட்டர் ஓட்டைக்குள் விடப் பார்த்திருக்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு. மிச்சம் ஆறு பங்கு எங்கே போகும்? பின்னால் எதுக்களிக்கும். பின்னால் இருப்பது மேலத்தெரு. 2023-ல் திண்ணை வரை தண்ணீர் ஏறிய வீடுகள் அங்கேதான் இருக்கின்றன, சுவரில் கறைகூட அழியவில்லை.

பள்ளிக்கூடத்தைவிட அதற்குப் போகிற பாதைதான் பெரிய ஆபத்து என்று அறிக்கையின் முதல் பக்கத்துக்கு மாற்றினேன். பறவைகள் நாலாம் பக்கத்துக்குப் போயின. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கூட்டம் சமுதாயக் கூடத்திலேயே நடந்தது, கரும்பலகைக்கு முன்னால். தலைமையாசிரியை நேராகவே கேட்டார்: "சார், கொக்கு நிக்க எடம் இருக்கு, எம் பிள்ளைக உக்கார எடம் இல்ல. இத எழுதினியளா ஒங்க ரிப்போர்ட்ல?" எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இன்னொருவர், "திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்துலதான நிக்கி? அங்க பஸ் போகலயா?" என்றார். "போகுது அண்ணாச்சி. மழை பேஞ்சா எப்படிப் போகுதுன்னு நீங்களே பாத்திருப்பியள்" என்றேன். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. சர்க்காருக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா?

பேச்சைத் திருப்பியது என் அறிக்கை இல்லை. மேலத்தெருவில் இருந்து வந்த ஒரு அம்மா, குழுவில் உறுப்பினர். "பள்ளிக்கூடம் வேணும். ஆனா மழை பேஞ்ச அன்னைக்கு எம் பிள்ளைய அங்க விட்டுட்டு நான் எப்படி வீட்ல இருக்க? அங்கயும் தண்ணி, இங்கயும் தண்ணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வழி வைத்திருந்தேன். பஸ் ரோட்டுக்கு வடக்கே புஞ்சைப் பட்டா நிலம் வாங்குவது, காசு இல்லை. தூண் எழுப்பி அதன் மேல் கட்டுவது. கழிவறைக்கு என்ன செய்ய? தண்ணீர் நிற்கிற களியில் உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. கடைசியில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்காத மூன்றாவதுதான் நின்றது. கட்டடம் பழைய 38 செண்டிலேயே, தரையும் ஒரு மாடியுமாக. இரண்டரை ஏக்கர் பள்ளியின் மைதானமாக இருக்கும். கிராவல் கிடையாது, காம்பவுண்டுச் சுவர் கிடையாது, ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதை போதும். வரைபடம் போட்ட அலுவலகத்தில் இதை ஒப்புக்கொள்ள ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் ஒரு கையெழுத்து ஊரில் இல்லை.

சந்துக்குள் லாரி போகவில்லை. எம்-சாண்டையும் ஜல்லியையும் பஸ் ரோட்டில் கொட்டி டாடா ஏஸில் அடித்தார்கள். காண்ட்ராக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வகுப்பறைகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. தலைமையாசிரியை இன்றுவரை என்னிடம் முழு மனசோடு பேசுவதில்லை. மேல்மாடி வராந்தாவில் நின்றால் குளம் தெரிகிறது, அதை மட்டும் ஒரு தடவை காட்டினார்.

கலுங்கு? இன்னும் கட்டவில்லை. எஸ்டிமேட் எங்கேயோ இருக்கிறது.

மைதானத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேற்கே, நூறு மட்டம் தரையைத் தொடுகிற இடம் பார்த்து, நானும் மாமாவும் ஒரு கல்லை நட்டு வெள்ளை அடித்துவிட்டு வந்திருந்தோம். போன கார்த்திகையில் போனேன். தெற்கு மூலையில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அதில் நாலு நெடுங்கால் உள்ளான். பயல்கள் அந்தக் கல்லை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து தண்ணீரில் விழுந்தால் அவுட், எடுத்து வருகிற வேலையும் அடித்தவனுக்கே. கலுங்கைச் சரிசெய்துவிட்டால் பிட்ச் முழுக்கப் பிசான நெல் அறுப்பு முடிகிற வரை தண்ணீருக்குள் போய்விடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "சார், கலுங்க எப்பம் கெட்டுவாவ?" என்று கேட்டான். சீக்கிரம் கட்ட வேண்டும் என்று கேட்கிறானா, கட்டிவிடப் போகிறார்களே என்று கேட்கிறானா, குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.